பதம் இறக்காத இரும்பு

மாமா பட்டறைக்கு வந்தால் ஏதாவது ஒரு கேள்வியோடுதான் வருவார். அன்றைக்குக் கல்லோடு வந்தார்.

தெருமுனையில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டதுமே தம்பி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தெட்டு வயது, காதோரம் நரைத்தாயிற்று. அக்கா சிறு வயதில் கூப்பிட்ட பெயர் கடைத்தெரு முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது. பல்லுப் போன கிழவர்கள்கூட "தம்பி, இதைக் கொஞ்சம் தீட்டிக் குடு" என்றுதான் வந்து நிற்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம், கோபித்துக்கொள்ள மாட்டான். தையல்காரர்களுக்குக் கத்தரிக்கோல் அடிப்பது அவன் தொழில். சுற்றுவட்டாரத்தில் துணி வெட்டுகிற கைகளில் பாதிக்கு மேல் அவன் அடித்த கத்தரிதான் இருந்தது.

மாமா அவனுடைய அக்காவின் கணவர், டைலர். அந்தக் காலத்தில் ஒரே கத்தரிக்கோலைச் சாணை பிடிக்க நாலு தரம் வந்து, ஐந்தாவது தரம் அக்காவைப் பெண் கேட்டவர். அவருக்குக் கடைத்தெருவில் 'ஏன் டைலர்' என்று பெயர். கையைக் கொஞ்சம் குட்டையாகத் தையுங்கள் என்று சொன்னால் ஏன் என்பார். பாக்கெட் வேண்டாம் என்றால் அதற்கும் ஏன். பதில் சரியில்லை என்றால் ஊசியில் நூல் ஏறாது. போன வருடம் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, சொட்டு மருந்தெல்லாம் தோற்று, இரண்டு கண்ணிலும் வெளிச்சம் போய்விட்டது. கேள்வி மட்டும் போகவில்லை. முன்பைவிடக் கூடிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

முக்காலியைத் தடவி உட்கார்ந்தவர், சட்டைப் பையிலிருந்து கோழிமுட்டை அளவில் இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்தார். ஒன்றோடொன்று நாலு உரசு உரசி, தம்பி இருந்த பக்கம் நீட்டினார்.

"மோந்து பாரு மாப்ள."

"என்ன மாமா இது?"

"மோந்து பாருன்னா மோந்து பாரு. கேள்வி கேக்கறது என் வேலை."

தம்பி குனிந்து முகர்ந்தான். தலைமுடி பொசுங்கியது போல ஒரு வாடை வந்தது. வெறும் கல்லில் இப்படி வாடை வரும் என்று நாற்பத்தெட்டு வருடமாக அவனுக்குத் தெரியாது. கல்லை வாங்கி அவனும் உரசிப் பார்த்தான், மறுபடி முகர்ந்தான், இன்னொரு தரம் உரசினான். மாமாவின் வியாதி தனக்கும் தொற்றுகிறது என்று அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"சிக்கிமுக்கிக் கல்லு," என்றார் மாமா. "இதுல தட்டினா பொறி பறக்கற மாதிரி ஒரு இரும்பு அடிச்சுக் குடு. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

தம்பி கல்லைச் சட்டென்று அவர் மடியில் திருப்பி வைத்தான்.

காரணம் இருந்தது. அக்கா வீட்டுப் பின்கட்டில் ஒரு செம்புப் பாய்லர் உண்டு. அடியில் விறகு எரிய ஒரு வாய், நடுவில் புகை போக ஒரு குழாய், சுற்றிலும் தண்ணீர். கல்யாணமான மறுநாளிலிருந்து, முப்பத்தோரு வருடம், காலையில் அந்தப் பாய்லரைப் பற்ற வைப்பது மாமாவின் வேலை. வீட்டில் வேறு எந்த வேலைக்கும் துரும்பைக் கிள்ளிப் போடாத மனிதர், இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கண் போன பிறகும் தடவித் தடவிப் பற்ற வைத்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், கிழித்த தீக்குச்சி இரண்டாக முறிந்து, எரிகிற பாதி தோளில் கிடந்த துண்டில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. அக்கா ஓடிவந்து, கையில் கிடைத்த பாத்திரம் கழுவின தண்ணீரை அப்படியே தலையோடு ஊற்றினாள். மாமாவுக்குக் கழுத்தில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். ஆனால் அக்கா பயந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிற ஒரே தீப்பெட்டி அவள் இடுப்பில், சாவிக்கொத்தோடு. வெளியூரில் இருக்கும் மகள் விஷயத்தைக் கேள்விப்பட்டு ஒரு மின்சார ஹீட்டரை அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை காலை பிளம்பர் வருகிறார். பாய்லரைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரை மாட்டப்போகிறார்.

"மாமா, அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டா. உங்க கையில நெருப்பு குடுத்தா என் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கா."

"நெருப்பை எங்கடா கேட்டேன்? இரும்புதானே கேட்டேன்."

"சரி, தீக்குச்சியே ஆகாதுன்னு ஆனபிறகு இது எதுக்கு?"

மாமாவின் முகம் மலர்ந்தது. தன்னிடம் ஒருவர் 'எதுக்கு' என்று கேட்டுவிட்டால் அவருக்கு அன்றைய சாப்பாடே வேண்டாம்.

"தீக்குச்சியில என்ன தப்புன்னு ரெண்டு மாசமா யோசிச்சேன் மாப்ள. குச்சியில நெருப்பு என் கையிலயே பொறக்குது. அது தலை எங்க இருக்கு, எந்தப் பக்கம் சாயுதுன்னு எனக்குத் தெரியாது. இதுல அப்படி இல்ல. பொறி என் தோல்ல விழுந்தா சுருக்னு குத்திட்டுச் செத்துடும். சட்டையில விழுந்தாலும் செத்துடும். கருக்கின பருத்தித்துணி ஒண்ணுலதான் அது உயிரோட இருக்கும். அதுவும் துவரம்பருப்பு அளவுக்குத்தான் கனலும். அதைக் கொண்டுபோய் பாய்லர் வாய்க்குள்ள வச்சு, குழலால ஊதினா, நெருப்பு அங்க பொறக்கும். என் கையில பொறக்காது. புரியுதா?"

புரிந்தது. புரிந்துவிட்டதுதான் தம்பிக்குத் தொந்தரவாகப் போயிற்று.

"மூணு வேளையும் உங்கக்கா தட்டுல போட்டுக் கொண்டாந்து வைக்கிறா," என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "வெந்நீர் வெளாவி வச்சுட்டு வாங்கன்னு கூப்பிடறா. குறையே சொல்ல முடியாது. ஆனா என் வீட்டுலயே நான் விருந்தாளி ஆயிட்டேன் மாப்ள. விருந்தாளிக்கு எத்தனை நாள் மரியாதை சொல்லு?"

தம்பி எழுந்துபோய்ப் பழைய இரும்புக் குவியலைக் கிளற ஆரம்பித்தான்.

பல் தேய்ந்த அரம் ஒன்று கிடைத்தது. அரம் நல்ல உருக்கு, நெருப்புப் பொறிக்குச் சாதாரண இரும்பு ஆகாது, உருக்குத்தான் வேண்டும் என்கிற அளவுக்கு அவனுக்குத் தெரியும். சாணைக்கல்லில் பிடித்தால் பொறி பறக்கிற இரும்புதானே இதுவும். அரத்தை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, உலையில் செருகி, விசிறியைத் திருகிவிட்டான். ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் குறடால் பிடித்துப் பட்டடைக் கல்லில் வைத்து, ஒரு முனையை அடித்து மெலிதாக இழுத்தான். இழுத்த முனையை வளைத்துத் திருப்பி, நாலு விரல் நுழைகிற மாதிரி பிடி செய்தான். கல்லில் படப்போகிற விளிம்பிலிருந்த மிச்சப் பற்களைச் சாணையில் வழித்து எடுத்தான். மாமா ஒவ்வொரு சத்தத்துக்கும் இது என்ன, அது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காந்தத்தில் ஒட்டாத சூட்டுக்கு ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் தோய்த்தபோது வந்த 'சொய்ங்' சத்தத்துக்கு மட்டும் கேள்வி இல்லை, ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு, ஆற வைத்து, மாமாவின் கையில் கொடுத்தான்.

தட்டினார். ஒன்றும் இல்லை.

தம்பி வாங்கித் தட்டினான். கல்லில் இருந்து இரண்டு சில்லு தெறித்து அவன் கன்னத்தில் அடித்ததுதான் மிச்சம். பட்டறையின் இருட்டு மூலைக்குப் போய்த் தட்டினான். எப்போதோ ஒரு பொறி, அதுவும் கடனே என்று வந்தது.

"கல்லு சரியில்ல மாமா."

"என் கல்லைச் சொல்லாத."

மறுநாள் தம்பி வேறு கல் கொண்டுவந்தான். ஆற்று மணல் லாரியில் வந்தது, சாலை போடுகிற இடத்தில் கிடந்தது என்று ஏழெட்டு. எதிலும் வேலைக்கு ஆகவில்லை. தட்டுகிற விதம் சரியில்லை என்று மேலிருந்து தட்டினான், சாய்த்துத் தட்டினான், விரல் முட்டியில் தோல் உரிந்ததுதான் கண்ட பலன். இரண்டு தையல்காரர்கள் கத்தரிக்கு வந்து காத்திருந்து திட்டிவிட்டுப் போனார்கள். அவன் காதிலேயே விழவில்லை. சாணையில் மத்தாப்பூவாகப் பொறி கொட்டுகிற அதே இரும்பு, கல்லில் தட்டினால் ஏன் ஊமையாகிவிடுகிறது? இந்த 'ஏன்' இப்போது மாமாவுடையது இல்லை. அவனுடையதே ஆகிவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது அவன் மனைவி, "என்ன, தட்டைப் பாத்துச் சிரிக்கிறீங்க, முறைக்கிறீங்க?" என்று கேட்கிற அளவுக்கு முற்றிவிட்டது.

வியாழக்கிழமை மாமா வந்து, முக்காலியில் உட்கார்ந்து, கைத்தடியைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

"மாப்ள, நீ இரும்பை அடிச்ச கதையை முதல்லேருந்து சொல்லு. ஒண்ணு விடாம."

தம்பி சொன்னான். அரம் எடுத்தது, காய்ச்சியது, இழுத்தது, வளைத்தது, தோய்த்தது.

"தோய்ச்சப்புறம்?"

"ஆற வச்சேன்."

"இல்ல. தோய்ச்சப்புறம் மறுபடி எங்கயோ வச்சே. 'டொக்'னு உலைத் தகட்டு மேல வச்ச சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எடுத்தே."

தம்பி யோசித்தான். அவனுக்கே நினைவில்லை. பிறகு மெல்ல நினைவுக்கு வந்தது, காது இரண்டும் சூடானது.

கத்தரி அடிப்பவன் எவனும் தோய்த்த இரும்பை அப்படியே விடமாட்டான். தண்ணீரில் தோய்த்த உருக்கு கண்ணாடி மாதிரி, கெட்டிதான், ஆனால் மேஜையிலிருந்து விழுந்தால் இரண்டாகப் போய்விடும். அதனால் மறுபடி உலைத் தகட்டின் ஓரத்தில் வைத்து இளஞ்சூடு காட்டுவார்கள். இரும்பின் மேல் வைக்கோல் நிறம் படரும், அப்புறம் தேன் நிறம். அந்த நேரத்தில் எடுத்துவிட்டால் கெட்டி கொஞ்சம் இறங்கி, உடையாத குணம் வந்துவிடும். இதற்குப் பதம் இறக்குவது என்று பெயர். தம்பி முப்பது வருடமாக நாளைக்குப் பத்துத் தடவை இதைச் செய்கிறான். அவன் செய்கிறான் என்றுகூடச் சொல்ல முடியாது, அவன் கை செய்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது செருப்பு மாட்டுகிறோமே, அப்படி.

"பதம் இறக்கினேன் மாமா."

"ஏன்?"

"கீழ விழுந்தா உடைஞ்சுடுமே."

"உடையட்டுமே. இதென்ன கத்தரியா, மேஜையில வச்சு விழறதுக்கு? நான் கயித்துல கட்டிக் கழுத்துல மாட்டிக்குவேன். பொறின்னா என்ன? நீதானே சொல்லுவே, சாணையில பறக்கறதெல்லாம் இரும்புத் தூள்தான்னு. கல்லு இரும்பைச் சீவணும். சீவின தூள் எரியணும். சாணைக்கு மோட்டார் இருக்கு, எதை வச்சாலும் சீவிடும். என் கைக்கு மோட்டார் இல்ல. நீ இரும்பை மெதுவாக்கி வச்சா, அது கல்லுக்கு இடம் குடுத்து வளைஞ்சு போயிடுது, தூள் ஆக மாட்டேங்குது. அதானே?"

தம்பி பழைய அரம் ஒன்றை எடுத்து அந்த இரும்பின் விளிம்பில் ஓட்டிப் பார்த்தான். கர்ர் என்று கடித்தது. உண்மையான கெட்டி இரும்பில் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு நாளாகத் தன் கையைச் சந்தேகப்படாமல் ஊரில் உள்ள கல்லையெல்லாம் சந்தேகப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் ஆடத் தெரிந்தே அப்படிச் சொல்லிவிட்டான்.

மறுபடி அடித்தான். இந்தத் தடவை நடந்ததைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். தோய்த்து எடுத்த கையோடு, மனது வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருக்க, கை தானாக உலைத் தகட்டுப் பக்கம் போனது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? மாமா கைத்தடியை நீட்டி அவன் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எங்க போகுது கை?"

"பழக்கம் மாமா."

"இப்படிக் குடு அதை."

அப்படியே சொட்டச் சொட்ட வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார், பிள்ளையை வாங்குகிற மாதிரி.

அடுத்து துணி. தம்பி மூலையில் கிடந்த துடைக்கிற துணியை நீட்டினான். மாமா அதில் ஒரு இழையை உருவி, உலையில் காட்டச் சொல்லி, முகர்ந்தார். "நைலான் கலந்தது. உருகும், கனலாது." தான் போட்டிருந்த சட்டையின் பாக்கெட்டையே பரக்கெனக் கிழித்தார். "இது சுத்தப் பருத்தி. காகிதம் எரியற வாசனை வரும் பாரு." எத்தனையோ வருடம் இழையை எரித்து முகர்ந்தே துணி வாங்கிய மூக்கு அது. துண்டுகளைச் சின்னத் தகர டப்பாவில் போட்டு, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, உலை ஓரத்தில் வைத்தார்கள். ஓட்டை வழியாகப் புகை வந்தது. நின்றது. உடனே திறந்தால் எல்லாம் சாம்பல் ஆகிவிடும் என்று ஆறும் வரை மாமா டப்பாவின் மேல் கைத்தடியை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திறந்தபோது துணி துணியாகவே இருந்தது, கரிக் கறுப்பாக.

சோதனை வெள்ளிக்கிழமை நடுப்பகலில். பொறுமை இல்லாத தம்பி, பட்டறை வாசலிலேயே நின்று, கல்லின் கூரான விளிம்பில் இரும்பைச் சரேல் என்று இறக்கினான். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம். ஒன்றுமே இல்லை. நாளைக்குக் காலை பிளம்பர். இனி அடிக்க நேரமும் இல்லை.

"தோத்துட்டோம் மாமா."

"மறுபடி தட்டு," என்றார் மாமா. வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்தபடி, தன் புறங்கையைக் கல்லுக்குக் கீழே நீட்டிக்கொண்டார்.

தட்டினான்.

"குத்துது."

"என்ன?"

"குத்துதுடா! இங்க, இங்க, இங்க மூணு. எறும்பு மாதிரி. நீ எங்க நிக்கிறே?"

"வாசல்ல."

"வெயில்லயா நிக்கிறே? பட்டப்பகல்ல பொறி எப்படித் தெரியும்? கண்ணு இருக்கறவனுக்கு எத்தனை தொல்லை பாரு. உள்ள வாடா!"

இருட்டு மூலையில் நின்று தட்டியபோது தம்பியே "ஆ" என்றான். ஒரு தட்டுக்குப் பத்துப் பொறி, பன்னிரண்டு பொறி, ஆரஞ்சுத் துணுக்குகளாக வளைந்து விழுந்தன. சின்னக் குழந்தைபோலத் தட்டிக்கொண்டே இருந்தான். மாமா பிடுங்கவேண்டியதாகிவிட்டது. அன்று சாயங்காலம் வரை பழகினார்கள். இடது கையில் கல், கல்லின் மேல் கறுப்புத் துணியைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, வலது கையால் இரும்பை இறக்க வேண்டும். பொறி துணியில் தங்கியதா என்பதை மாமா மூக்கால் கண்டுபிடித்தார். "தங்கிடுச்சு," என்பார். தம்பி குனிந்து பார்த்தால், கறுப்பில் ஒரு சிவப்புப் புள்ளி ஓசைப்படாமல் விரிந்துகொண்டிருக்கும். ஒரு தடவைகூட மாமாவின் மூக்கு பொய் சொல்லவில்லை.

"கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க," என்று சிரித்தார் மாமா. "எனக்கு அதுதான் சரிப்பட்டு வருது."

"ரொம்ப நல்லா இருக்கு," என்றது வாசலில் ஒரு குரல்.

அக்கா. மூக்கு மாமாவுக்கு மட்டுமா இருக்கிறது? முந்தின நாள் கணவரின் சட்டையில் கருகல் வாடை வந்திருக்கிறது. பாக்கெட்டையும் காணோம். அவள் ஒன்றும் கேட்காமல் ஒரு நாள் பொறுத்து, கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறாள்.

"நீயுமாடா?" என்றாள் தம்பியைப் பார்த்து. அதற்கு மேல் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. "அன்னைக்குத் துண்டு எரியறது அவருக்குத் தெரியலைடா. எரியறது தெரியாம 'என்ன வாசனை வருது'ன்னு என்கிட்டயே கேட்டுட்டு நின்னார். அது இன்னும் என் காதுல கேக்குது. உங்க ரெண்டு பேருக்கும் விளையாட்டா இருக்கு."

உலையின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தம்பி அதை நிறுத்தினான்.

"உன் பயம் எனக்குத் தெரியும்," என்றார் மாமா. "ஒரே ஒரு தடவை பாரு. அப்புறம் நீ சொல்றது."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில, என் கண்ணு முன்னால பத்த வைங்க. இவன் கை வைக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. முடியலைன்னா பாய்லர் போகட்டும். அப்புறம் இந்த வீட்டுல நெருப்புங்கற பேச்சையே நீங்க எடுக்கக் கூடாது."

"சரி," என்றார் மாமா. ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்காமல் ஒப்புக்கொண்டதைத் தம்பி அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தான்.

சனிக்கிழமை தம்பி போனபோது பிளம்பர் முந்திக்கொண்டு வந்திருந்தார். கையில் பெரிய ஸ்பேனர், தோளில் சாக்குப் பை. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று அக்கா சொன்னதால் சுவரில் சாய்ந்து நின்றார். விஷயம் என்ன என்று தெரிந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வசதியான இடமாகப் பார்த்து நகர்ந்துகொண்டார்.

மாமா பாய்லருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். தோளில் துண்டு இல்லை. கழுத்தில் கயிற்றில் இரும்பு தொங்கியது. முதலில் பாய்லரின் வயிற்றைத் தடவி, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். டங்கென்று ஒலித்தது. கொஞ்சம் நின்றார், தலையைச் சாய்த்து எதையோ கேட்டார், பிறகு வேலையைப் பார்த்தார். அடுப்பு வாய்க்குள் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். சணல் கயிற்றைப் பிரித்த நாரை உருண்டையாக்கி, நடுவில் குழி செய்து, பக்கத்தில் வைத்தார். ஊதுகுழல் வலது முழங்காலுக்கு அருகில். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

தட்டினார். பொறி பறந்தது. துணியில் தங்கவில்லை. ஐந்து தட்டு, பத்து தட்டு. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், வாயைத் திறக்கக் கூடாதே. பதினைந்தாவது தட்டில் கல் சறுக்கி மாமாவின் விரல் முட்டியில் ரத்தம் வந்தது. அக்கா "போதுங்க" என்றாள்.

"இரு," என்றார் மாமா. துணியை மூக்கருகில் கொண்டுபோனார். "ஈரம். விடிகாலைப் பனி இறங்கியிருக்கு." அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சட்டைக்குள் கைவிட்டு, வயிற்றோடு ஒட்டி வைத்திருந்த தகர டப்பாவை எடுத்தார். உடம்புச் சூட்டிலிருந்த துணி அது. கல்லின் மேல் வைத்து, இரும்பை இறக்கினார். இரண்டே தட்டு.

"தங்கிடுச்சு."

கறுப்பில் சிவப்புப் புள்ளி. துவரம்பருப்பு அளவு. அதை நார்க்குழியில் வைத்து, உருண்டையை மூடி, பாய்லர் வாய்க்குள் சுள்ளிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். கையை வெளியே எடுத்து, குழலை உள்ளே விட்டு ஊதினார். புகை வந்தது. நிதானமாக ஊதினார். புகை தடித்தது, வெளுத்தது. உள்ளே 'புஸ்' என்று ஒரு சத்தம். அடுப்பு வாய் முழுக்க மஞ்சள் வெளிச்சம். மாமா குழலை எடுத்துவிட்டு, புறங்கையை அடுப்பு வாயின் முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நெருப்பு பாய்லருக்குள் இருந்தது. அவர் மேல் ஒரு துளி கரிகூட இல்லை.

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் கவனித்தான். மாமாவுக்கு மூன்றடி பின்னால், நிறைந்த பக்கெட் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாய்த்து ஊற்றத் தயாராக அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது தூக்கினாளோ தெரியாது. தண்ணீர் அவள் காலிலேயே தளும்பிக்கொண்டிருந்தது.

"பக்கெட்டைக் கீழ வச்சுடாத," என்றார் மாமா, திரும்பாமல். "நேரா கொண்டாந்து பாய்லர்ல ஊத்து. சீக்கிரம். அடி காயுது."

அக்கா விழித்தாள். "பாய்லர்ல தண்ணி..." என்று ஆரம்பித்து, வாயைப் பொத்த முடியாமல் நின்றாள். கழற்றத் தோதாக இருக்கட்டும் என்று பிளம்பர் சொல்லி, நேற்று ராத்திரியே அவள் பாய்லரை வடித்துவிட்டிருந்தாள். மாமா ஜெயிப்பார் என்று அவள் நினைத்திருந்தால்தானே?

"காலியா இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தட்டிப் பாத்தேன்ல."

"தெரிஞ்சுமா பத்த வச்சீங்க? செம்பு ஓட்டையாயிடாது? ஏன்? ஏங்க அப்படிச் செஞ்சீங்க?"

கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில், அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அவள் கேட்டு அவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பின்னாடி பக்கெட்டோட நீ நிப்பேன்னும் தெரியும்," என்றார் மாமா. "கைப்பிடி கிறீச்சுன்னுச்சு. அதான் பத்த வச்சேன்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டு எட்டு வைத்து, மாமாவின் தலைக்காகத் தூக்கிய தண்ணீரைப் பாய்லரின் தலையில் ஊற்றினாள். சூடேறிய செம்பு 'சொய்ங்' என்றது. மாமா தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

காலி பக்கெட்டோடு திரும்பியவள் கண்ணில், சுவரில் சாய்ந்து பல் இளித்துக்கொண்டிருந்த பிளம்பர் பட்டார்.

"நின்னு வேடிக்கை பாக்கறீங்களே," என்று பக்கெட்டை அவர் கையில் திணித்தாள். "போய் இன்னொரு பக்கெட் தண்ணி கொண்டாங்க. பாய்லர் காயுது!"